"நல்லா மாத்தவும்"னு நாலு டிக்கெட்

...இல்ல, நீயே சொல்லும்மா, "உடனே நல்லா மாத்தவும்"னு எழுதினா அதுல என்ன புரியல? தமிழ்தானே? காலையிலேருந்து நாலு டிக்கெட் போட்டுட்டேன். டிக்கெட்டாம்! பஸ்ஸா வருது? உங்க சாஃப்ட்வேர்ல குறை இருந்தா அதுக்குன்னு ஒரு பக்கம், அதுல எழுதணுமாம். எழுதினேன். நாலுக்கும் ஒரே பதில்! "எந்தத் திரை? என்ன செஞ்சீங்க? என்ன ஆச்சு? என்ன ஆகணும்?" ஏம்மா, நான் கண் ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல உக்காந்திருக்கேனா, போலீஸ் ஸ்டேஷன்லயா?

உக்காரு, உக்காரு. அந்த ஃபைல தள்ளிட்டு லேப்டாப்ப வை.

கோவம் வராதா? நேத்து என்ன ஆச்சு தெரியுமா... எங்க பட்டாளத்தார் வந்திருந்தார். ரிடையர்டு மிலிட்டரி. மீசையே சல்யூட் அடிக்கும். கண்ல சொட்டு மருந்து விட்டு உக்கார வெச்சோம். டோக்கன் பதினேழு. பதினாறாம் நம்பர் வரலன்னு ஃபோன் பண்ணிச்சா, சரின்னு அந்தப் பேர அழிக்கப் போனேன். விரல் ஒரு வரி கீழ எறங்கிடுச்சு. பதினேழு காணோம்! எனக்குத் தெரியவே இல்லம்மா.

மனுஷன் மூணு மணி நேரம் முதுகு வளையாம உக்காந்திருக்கார். சொட்டு விட்ட கண்ணுக்கு டோக்கன் நம்பர் போர்டு தெரியுமா? நான் கூப்பிடுவேன்னு நம்பி... அவர் இன்னும் உக்காந்திருக்கிறத நான் பாக்கறதுக்குள்ள, டாக்டர் பையைத் தூக்கிட்டு லிஃப்டுக்கே போயிட்டார். செருப்புகூடப் போடாம ஓடி, கதவுல கைய விட்டு நிறுத்தி, கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். பட்டாளத்தார் திட்டியிருந்தாகூடத் தேவல. "நீங்க மறக்க மாட்டீங்கன்னு தெரியும்மா"ங்கிறார்! ராத்திரி சாப்பாடு எறங்கல எனக்கு.

என்ன ஆகணும்ங்கிறியா? அட, இதென்ன பெரிய வித்தையா? காத்திருக்கிறவங்க பட்டியல்ல ஒரு பேர அழிக்கத் தொட்டா, "பதினேழாம் நம்பர், இன்னார், அழிக்கவா?"ன்னு கேக்கணும். வேணாம்னா பேர் அப்படியே இருக்கணும். அவ்வளவுதான்! ஏன் டைப் பண்றே? நான் சொன்னதையேவா? ...ஓ. அந்த நாலு கேள்விக்கும் இதான் பதிலா? அட, இதக் கேக்கத்தானா? சரி, விடு.

ஆனாலும் இப்படி ஒரு கேள்வி கேக்காம எவனாவது சாஃப்ட்வேர் செய்வானா? எந்தப் புத்திசாலி... என்னது? முன்ன கேட்டுச்சா? யாரோ எடுக்கச் சொன்னாங்களா? யாரு அந்த மகராசி? காட்டு, காட்டு. "பேர அழிக்கும்போதெல்லாம் அழிக்கவா அழிக்கவான்னு நச்சரிக்குது. எனக்கென்ன கண்ணு தெரியாதா? அந்தக் கேள்வியை உடனே எடுக்கவும்." ம்... நல்லா தெளிவாத்தான் எழுதியிருக்கா. போன வருஷம்... கண் ஆஸ்பத்திரி... ரிசப்ஷன்...

கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. பட்டாளத்தார் வியாழக்கிழமை வர்றார், என் தப்புதான்னு அவர்கிட்ட நானே சொல்லிடறேன். மனசு கேக்கல. ஆனா பெரிய நர்ஸ்கிட்ட மட்டும்... எல்லாம் உங்க கம்பெனி தப்புன்னு காலையிலேயே சொல்லிட்டேன், அது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே? ஏன் எந்திரிக்கிறே? அந்தப் பக்கமாப் போகாதே, அதுதான் பெரிய நர்ஸ் ரூமு! ஏம்மா... ஏம்மோவ்!