நனையாத பாங்கோஸ்

தோல் வாத்தியத்துக்கு ஈரம் ஆகாது, ஐயா. பழவேற்காட்டு உப்புக்காற்று பட்டாலே சத்தம் செத்துவிடும். வாசிக்கும் முன் கரியடுப்பில் காட்டிச் சூடேற்ற வேண்டும். அதுதான் என் வேலை.

வாத்தியம் நூர் அகமதுவுடையது. மதராஸ் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கினான். முட்டிகளுக்கு நடுவே இடுக்கி விரலால் தட்டும் ஜோடிக் கொட்டு; பாங்கோஸ் என்பார்கள். கோடம்பாக்கத்தில் கிளப் டான்ஸ் பாட்டுக்கெல்லாம் அதைத் தேடிக்கொண்டிருந்த சமயம். எங்கள் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. "பாங்கோஸ் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அது எவன் மடியில் இருக்கிறதோ அவன் மைக் முன்னால் உட்காருவான். நான் வெளியே அடுப்பு ஊதுவேன். சூடு பதம் பார்க்கத் தட்டித் தட்டியே அத்தனை நடையும் எனக்கு வந்துவிட்டது. வந்து என்ன செய்ய? நூர் அகமது தன் தட்டுச் சோற்றை எனக்குப் பாதி தருவான். வாத்தியத்தைத் தரமாட்டான்.

அன்று ஏரிக்கு அக்கரையில் ஒரு கல்யாணத்தில் வாசித்துவிட்டு, பொழுது சாய தோணியில் திரும்பினோம். மறுநாள் காலை ரெக்கார்டிங். கோல் ஊன்றியது நான். அவனுக்குத் திடீரென்று ஆசை.

"நாகமுத்து, கோலை இப்டி குடுடா, நான் ஊணிப் பாக்குறேன். இத்த நீ புடி. இன்னா ஆனாலும் தோலு நனையக் கூடாது."

முதல் தடவையாக அது என் கையில் முழுசாக இருந்தது. நடு ஏரியில் தோணி கவிழ்ந்தது. நான் நின்ற இடம் மண்மேடு, இடுப்பளவுத் தண்ணீர். ஓரடி தள்ளி, படகு போக வெட்டிய ஆழம். என்னைப்போல் மீன் பிடிக்கிறவனுக்கு இதெல்லாம் காலுக்கே தெரியும். நூர் அகமது வியாபாரி வீட்டுப் பிள்ளை, நீச்சல் தெரியாது.

"டேய், கையைக் குடுடா."

"ரெண்டு கையிலயும் இது இருக்குதே. இன்னா பண்றது, சொல்லு?"

அப்படித்தான் கேட்டேன். நிஜமாகவே எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோலும் பக்கத்தில்தான் மிதந்தது. அதை எந்தக் கையால் எடுப்பது? தலைக்குமேல் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அழுதபடியே நின்றேன், அவன் விரல்கள் தண்ணீரைத் தட்டுவது நிற்கும்வரை.

காலையில் ரயிலேறிப் போனேன். நானே சூடேற்றி நானே உட்கார்ந்தேன். ஒரே டேக்கில் ஓகே. யாரும் நூர் அகமது எங்கே என்று கேட்கவில்லை.

தோணி கவிழ்ந்தும் தோல் எப்படி நனையாமல் இருந்தது என்று நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். கவிழும் முன்பே நான் மேட்டில் இறங்கிவிட்டேன். இறங்கி, கை இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு, தோணியின் விளிம்பை இடுப்பால் அமுக்கினேன். கவிழ்த்தது நான்தான், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவன் சொல்லைத் தட்டவில்லை, அதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு சொட்டுப் பட்டிருந்தாலும் நூர் அகமது என்னை மன்னித்திருக்கவே மாட்டான்.