என் பக்கத்து பிரேக்

இல்ல டீச்சர், இங்க திரும்ப வேணாம். நேரா போங்க. தெரியும், டிரைவிங் கிளாஸுக்கு தினமும் பள்ளிக்கூடத்த ஒட்டித் திரும்பித்தான் போவோம். இன்னைக்கு நேரா. ஆமா, அந்த மருந்துக்கடைத் தெருவேதான்.

நிறுத்தாதீங்க. பின்னால வேன்காரன் ஒட்டிக்கிட்டு வரான், கண்ணாடியப் பாருங்க. கியரக் குறைங்க. அவ்ளோதான். ஸ்டியரிங்க இந்தப் புடி புடிக்காதீங்க, அது எங்கயும் ஓடிடாது.

நீங்க சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்கு டீச்சர். இந்தத் தெருவுலதான் ஒரு அம்மா மேல வண்டிய ஏத்திட்டீங்க, அவங்க போய்ச் சேந்துட்டாங்க. பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சுட்டீங்க. லைசென்ஸ ரத்து பண்ணி, முதல்லேருந்து கத்துக்கிட்டு வரச் சொன்னாங்க. இந்த ஜென்மத்துல வண்டியே தொடக் கூடாதுன்னு இருந்தீங்க, ஆனா அப்பாவ டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போக வேற ஆள் இல்ல. இத்தனையும் முதல் நாளே சொல்லிட்டீங்க. நான்தான் ஜன்னலப் பாத்துக்கிட்டு உம் கொட்டிட்டிருந்தேன்.

குதிகால். பாத்தீங்களா, தூக்கிட்டீங்க. பிரேக்குக்கு நேரா குதிகால் தரையில ஊனியே இருக்கணும், பாதம் மட்டும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பணும். காலையே தூக்கித் தூக்கி வச்சா, பதட்டத்துல அது எங்க போய் விழும்னு யாருக்குத் தெரியும்? அன்னைக்கு நடந்தது அதான். மனசு கெட்டதில்ல, குதிகால் கெட்டது. இத எனக்கே நான் எத்தன தடவ சொல்லிக்கிட்டேன் தெரியுமா.

எனக்கு எதுக்கா? பொறுங்க, அந்த சைக்கிள்காரர் போயிடட்டும். அவரும் கண்ணாடியே பாக்காத ஜாதி.

சிரிக்கிறீங்க. நல்லது. முன்னாடி என் வண்டியில ஏறுனவங்க யாரும் சிரிச்சதில்ல. என் பேரே இடி மாஸ்டர். ஸ்கேல் ஒண்ணு வச்சிருப்பேன், கியரத் தப்பாப் போட்டா விரல் முட்டியில ஒண்ணு விழும். நல்லா வளர்ந்த ஆம்பளையெல்லாம் கண்ணுல தண்ணியோட இறங்கிப் போயிருக்கான். இப்ப முதலாளி கேக்கறாரு, என்னய்யா, சத்தமே காணோம், உடம்புக்கு எதும் முடியலயான்னு. வண்டி கழுவுற பெரியவர் இருக்காரே, அவர நான் வாடான்னுதான் கூப்புடுவேன். ஒரு நாள் அண்ணேன்னு கூப்டுட்டேன். மனுஷன் பயந்து போய் பக்கெட்டக் கீழ போட்டுட்டாரு. என்ன வேலை வைக்கப் போறானோன்னு.

எப்படி மாறுனேன்னு கேட்டா என்ன சொல்றது. நான் மாறல டீச்சர். மாறணும்னு நெனைக்கக்கூட இல்ல. எனக்கு ஒரு ஆள் மேல பகை இருந்துச்சு. சபையில எல்லாரும் கண்ண மூடி ஜெபம் பண்றப்போ, நான் பல்லக் கடிச்சிக்கிட்டு, ஆண்டவரே அந்த வீட்டுல விளக்கு எரியக் கூடாதுன்னு கேட்டுட்டிருப்பேன். கிருபை கிருபைன்னு போதகர் பேசுவாரு. எனக்கு அந்த வார்த்தையக் கேட்டாலே எரிச்சலா வரும். அவருக்கென்ன, அவர் வீட்லயா இழவு விழுந்துச்சு.

மெதுவா. வேகத்தடை. ஆங், அழகா ஏத்துனீங்க.

முதல் நாள் பள்ளிக்கூடச் சுவர்ல மோதப் போனோமே, மறந்திருக்க மாட்டீங்க. திரும்பவும் அதே மாதிரி ஆக்சிலேட்டர மிதிச்சீங்க. சுவரு கிட்ட வந்து, இனிமே அவ்ளோதான்னு இருக்கப்போ மாஸ்டருக்குன்னு வச்சிருக்குற என் பக்கத்து பிரேக் விழுந்துச்சு. ஏன் மாஸ்டர் அவ்ளோ லேட்டா மிதிச்சீங்கன்னு கேட்டீங்க. நான் தண்ணி பாட்டில எடுத்து நீட்டுனேன். அந்தப் பதில இன்னைக்கு சொல்றேன். அதுக்குத்தான் இந்தத் தெரு.

யாரு, அந்தம்மாவோட வீட்டுக்காரரா? ஆமா, மன்னிப்புக் கேக்கலாம்னு போனீங்க, அவரு மச்சான் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாருன்னு சொன்னீங்க. கோர்ட்டுப் பக்கமும் அவரு வரல. அவரு வந்தா அங்கயே இன்னொரு சாவு விழும்னு மச்சானுக்குத் தெரியும் டீச்சர். அவர வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுல்ல மச்சான் கோர்ட்டுக்குப் போனாரு. இல்ல, எனக்கு எப்படித் தெரியும்னு இப்பக் கேக்காதீங்க. ரோட்டப் பாருங்க. என்னப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க.

மருந்துக்கடை தெரியுதா? அதுக்கு முன்னாடி அந்தப் பச்சைக் கதவு. அங்க ஓரங்கட்டுங்க. இன்டிகேட்டர். கண்ணாடி. பிரேக். இன்னும் கொஞ்சம். போதும். கை பிரேக்க இழுங்க. வண்டிய ஆஃப் பண்ணுங்க. சாவிய எடுத்து என்கிட்ட குடுத்துடுங்க. கைய மடியில வைங்க.

மூச்ச விடுங்க.

என் வீட்டுக்காரி எனக்கு மாத்திரை வாங்கத்தான் வந்தா. பிரஷர் மாத்திரை. கோவக்கார மாத்திரைன்னு பேரு வச்சிருந்தா. கடைக்காரர்கிட்டயே, என் வீட்டு இடிக்கு ஒரு அட்டை குடுங்கன்னுதான் கேப்பாளாம். அன்னைக்கும் அப்படிக் கேட்டுட்டுத்தான் படி இறங்கியிருக்கா.

இறங்காதீங்க டீச்சர். கதவ விடுங்க. கால்ல விழுறதெல்லாம் வேணாம், உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல.

உங்க பேரப் பாத்ததும் முதலாளி வேற மாஸ்டரப் போடறேன்னாரு. நான்தான் வேணாம், நானே ஏறுறேன்னேன். நல்ல எண்ணத்துல ஏறல. அன்னைக்கு வண்டி சுவரப் பாத்துப் போறப்போ நான் கால சீட்டுக்கு அடியில மடக்கி வச்சிருந்தேன். வேணும்னுதான். போய் முட்டட்டும், ரெண்டு பேரும் சேந்தே போவோம்னு. பிரேக்க மிதிச்சது என் காலுதான், ஆனா அத நான் மிதிக்கல. பழக்கம்னு சொல்வீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். சரி, கால இறக்குனது பழக்கம். அதுக்கப்புறம் உங்க மூஞ்சியப் பாத்துத் தண்ணி குடிங்கம்மான்னு சொல்ல வச்சது எது? எனக்கு அந்தப் பழக்கம் கிடையாதே. என் பொண்டாட்டிக்கே நான் தண்ணி எடுத்துக் குடுத்தவன் இல்ல.

என் கோவம் போன வேகத்துக்கு என் காலால நிறுத்தியிருக்க முடியாது டீச்சர். எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த ஆண்டவர் மிதிச்சாரு. அன்னைக்கு ராத்திரிதான் போதகர் சொன்ன கிருபைங்கிற வார்த்தை எனக்குப் புரிஞ்சுது.

மன்னிச்சுட்டேன்னு பெரிசா சொல்ல இன்னும் வாய் வரல. காலையில எந்திரிச்சதும் மன்னிக்குற மனசக் குடுன்னு ஆண்டவர்கிட்ட கேக்குறேன். அன்னைக்குப் பொழுதுக்கு மட்டும் கிடைக்குது. சேத்து வச்சுக்க முடியல. உங்க வீட்டு விளக்கு எரியட்டும்னு இப்பச் சொல்ல முடியுது. அதுவும் சில நாள் பாதியிலயே நின்னுடும். இன்னைக்கு நிக்கல. அதான் இந்தத் தெருவுக்குக் கூட்டிட்டு வந்தேன். நாளைக்கு எப்படியோ.

கண்ணத் தொடைங்க. அந்த டப்பாவுல துணி இருக்கு. அவசரமில்ல. கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்திருப்போம்.

என்ன, நீங்களே ஓட்டுறீங்களா? நானே ஓட்டிட்டுப் போறேன், நீங்க அந்தப் பக்கம் வாங்களேன். வேணாமா? நெசமாத்தான் சொல்றீங்களா?

சரி. அப்பா காத்திருப்பாரு. இந்தாங்க சாவி. முதல்ல கண்ணாடி. குதிகாலத் தரையில ஊனுங்க. கடைப் படியில யாரும் இறங்கலயான்னு நல்லாப் பாருங்க. நானும் பாக்குறேன்.

என் கால் என் பக்கத்து பிரேக் மேலதான் இருக்கு. வண்டிய எடுங்க டீச்சர்.