மூலை உருளாத சதுரம்

எனக்கு எது கோணலாக இருந்தாலும் பிடிக்காது சார். உங்கள் மேசைக்குப் பின்னால் தொங்கும் காலண்டர்கூடக் கொஞ்சம் சரிந்திருக்கிறது.

என் பெயர் பெமிலா. வடசேரியில் ஷாஜன் அண்ணனின் ஒலி ஒளிக் கம்பெனியில் லேசர் என் பொறுப்பு. சர்ச் திருவிழாக்களில் புகைமேல் பச்சை ஒளியில் புறா பறக்குமே, அதை வரைவது நகமளவு உள்ள இரண்டு கண்ணாடிகள். ஒன்று இடம் வலமாகத் திரும்பும், மற்றது மேலும் கீழுமாக. சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்தில் அவை போய் நிற்கும்படி அவற்றை இயக்கும் சர்வோ போர்டின் சின்னத் திருகுகளைச் சரிசெய்வதுதான் டியூனிங். துடிப்பு கூடினால் கண்ணாடி இடம் தாண்டிப்போய் நடுங்கும். குறைந்தால் சோம்பும், சதுரத்தின் மூலை மழுங்கி உருண்டுவிடும். என் சதுரத்தில் மூலை உருண்டதே இல்லை.

கண்ணாடி அசையாமல் நின்றுவிட்டால் லேசர் தானாக அணைய வேண்டும். அதற்கு ஒரு சேஃப்டி சர்க்யூட் உண்டு. போன வருடம் டியூன் பண்ணும்போது அது சும்மா சும்மா அணைத்துத் தொந்தரவு செய்தது. கழற்றி வைத்தேன். திரும்ப மாட்டுவதற்குள் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. நடுவில் கண்ணாடி சிக்கி, ஒளி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. புகை மெஷின் பக்கத்தில் நிமிர்ந்த என் தம்பி ஜெனினுக்கு வலது கண் போயிற்று. இந்தத் தொழிலில் நடப்பதுதான்.

ஷாஜன் அண்ணன்தான் அவனை மதுரைக்குக் காரில் கொண்டுபோனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவும் பாஸ்டரும் நிற்க, என்னிடம் கேட்டார்: "சேஃப்டிய நீ மாட்டல்லியா மக்கா? அப்போ இது உனக்க தப்புதானே?"

அவர் சத்தம்கூடப் போடவில்லை. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அதன்பிறகு அவள் என்னை வேறு மாதிரிப் பார்த்ததே இல்லை.

அவர் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. எல்லாருக்கும் தப்பு வரும் என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

போன சனிக்கிழமை அஞ்சுகிராமத்தில் ஒத்திகை. ஜெனினை டீ வாங்க அனுப்பினேன். சேஃப்டி சர்க்யூட்டை இந்த முறை யோசித்தே கழற்றினேன். இடம் வலம் போகும் கண்ணாடியைச் சோம்பலாக டியூன் செய்தேன், ஒளி ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு ஊர்ந்து போகும்படி. ஒரே இடத்தில் நின்றால் ஒரு கண்தானே போகும்.

"அண்ணே, கண்ணாடி நடுங்குதான்னு கிட்ட வந்து பாத்துச் சொல்லுங்கோ."

"பாக்கலாமா?"

"பவர நல்லா கொறச்சு வச்சிருக்கேன்."

"நீ சொன்னா செரி," என்று குனிந்தார்.

நான் எதையும் குறைத்திருக்கவில்லை.

முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர், தடவி என் கையைப் பிடித்தார். "ஜெனின் எங்க நிக்கான்? அவன இந்தப் பக்கம் விடாத மக்கா," என்றார். நான் கையை விடுவித்துக்கொண்டுதான் லேசரை அணைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று ஜெனின் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தான். "எனக்க கண்ணு உன்னாலதான் போச்சுன்னு நான் ஒருநாளாவது சொன்னேனா அக்கா?" என்று அழுதான்.

நானும் அதைத்தான் கேட்கிறேன் சார். கண் போனவனே சொல்லவில்லை. ஷாஜன் அண்ணன் எதற்குச் சொல்ல வேண்டும்?