மைக்கில் வாசித்த பெயர்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாயங்கால பஸ். டிரைவர் அலறவிட்ட பாட்டையும் மீறி, முன்சீட்டில் கழுத்தில் கான்வென்ட் பள்ளி அட்டை தொங்கிய டீச்சர் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"செத்துப்போன பிள்ளைக்கு இன்னைக்கு ஸ்கூலே சேர்ந்து பிறந்தநாள் பாட்டு பாடிட்டோம்க்கா."

"என்னட்டி சொல்லுத?"

"ஆயாம்மா மகன், எட்டாங்கிளாஸ் முடிச்ச லீவுல பிளவக்கல் டேம் தண்ணியில போனான்லா, அவனுக்குத்தான். ஆபீஸ்ல இன்னும் பேரை எடுக்கல. ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் மாறுதல்ல வந்த புதுசு. காலை ஜெபம் முடிஞ்சதும் பிறந்தநாள் லிஸ்ட்ல இருந்த அவன் பேரை மைக்குல வாசிச்சிட்டாக."

"பிள்ளைகளுக்குத் தெரியுமே?"

"அம்புட்டு பேருக்கும் தெரியும், சின்ன ஸ்கூல்தான. பெரிய பிள்ளைக பாதியில நிறுத்திட்டுதுக. சின்னதுக பழக்கத்துல பாடி, கையும் தட்டிட்டுதுக."

"ஆயாம்மா எங்க நின்னா?"

"மாதா சிலை இருக்க கெபிகிட்ட, பெருக்கிட்டிருந்த வாரியலோட."

டிரைவரின் பாழாய்ப்போன பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அழுதாளா?"

"இல்லக்கா. விஷயம் தெரிஞ்சு சிஸ்டர் ஓடிப்போயி அவ கையைப் பிடிச்சு மன்னிப்பு கேட்டாக. அவ பையைத் திறந்து மிட்டாய் பாக்கெட்டை நீட்டினா. 'ஒன்பதாங்கிளாஸுக்குக் குடுத்திருங்க சிஸ்டர், அவன் கூடப் படிச்சதுக'ன்னா."

"மிட்டாயா? அதுக்குள்ள எங்கட்டி வாங்கினா?"

"காலையில வரும்போதே வாங்கிட்டுத்தான்க்கா வந்திருக்கா."