மூண்டு பாஷையில ஒரு லேபல்

...ஒவ்வொரு நாளும் ஆமிக்காரன் கிண்டுறதுதானே புள்ள. இறங்கு எண்டுவான், ஐசி, அடையாள அட்டையப் பாப்பான், பேக்கக் கிண்டுவான், மறுகா ஏறு எண்டுவான். அது எங்களுக்குப் பழகிப்போச்சு. இண்டைக்கு விடுறானில்லையே. பெரியவன் வந்து பாத்தாத்தான் பஸ்ஸ விடுவானாம். அந்தப் பெரியவன் எங்க திண்டுபோட்டு நித்திரை கொள்ளுறானோ ஆருக்குத் தெரியும்.

இஞ்சால தள்ளி இரி கா, இதில கொஞ்சம் நிழல் இரிக்கு. சட்டியையும் இழுத்து வை. உன்னிச்சைத் தயிரா? அதான பாத்தன், மூடிக் கட்டியிரிக்கக்குள்ளயே மணக்குது. மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கா? ம்... அமிர்தகழிக்குப் போய்ச் சேரக்குள்ள புளிச்சு மோராகிடும். இந்த வெயில் மனுசரையே புளிக்கவைக்குது.

எல்லாம் அந்தப் பெட்டியால வந்த வினை. அதான், சென்றிக் கொட்டிலுக்கு முன்னால கிடக்கே, பிஸ்கட் பெட்டி, சிவப்பா லேபல் ஒட்டினது. குண்டெண்டு பயந்து திறக்கிறானில்ல, பெட்டி ஆர்ட எண்டு கேட்டான். ஒருத்தரும் முன்னுக்கு வரல்ல. உன்ட பஸ்ஸில ஏறினா உன்ட சாமான்தான் எண்டு ட்ரைவர் அல்பேட்டப் பிடிச்சு வெயிலுக்குள்ள நிப்பாட்டியிரிக்கான். பாவம் அந்த மனுசன். அந்தோனியார் படத்த முன்னால ஒட்டி வெச்சு விடிய வெள்ளாப்பில இருந்து பஸ் ஓடுறான். அவனுக்குப் பெட்டியுந் தெரியா, உள்ளுக்க என்ன எண்டுந் தெரியா.

லேபலில என்னவா? "இரகசியம்" எண்டு எழுதியிரிக்கு. இஞ்ச இருந்தே தெரியுதா எண்டா கேக்கிறாய்... ஓம், எனக்குக் கண் நல்லாத் தெரியும்.

இந்த லேபல் ஒட்டுற வருத்தம் எங்க இருந்து வந்த எண்டு எனக்குத் தெரியும் புள்ள. நான் அரசாங்கக் கந்தோரில வேலை செய்யிறவ. படுவான்கரையில சின்னக் கந்தோர்தான். அன்னப்பூரணி மிஸ் எண்டு கேட்டா அங்க நாயும் வழி காட்டும். போன மாசம் கொழும்பால ஒரு ஐயா வந்தார், பைல் ஒழுங்கா வைக்கிறது எப்பிடி எண்டு எங்களுக்கு ட்ரெயினிங் குடுக்க. அண்டைக்கெண்டு பஸ் ஓடல்ல, ஓடத்திலதான் வந்தார். இறங்கக்குள்ள ஒரு சப்பாத்து சேத்தோட போயிற்று. மறுகா என்ன... ஒத்தச் சப்பாத்தோட நிண்டு, ஒழுங்கு எண்டா என்ன எண்டு பின்னேரம் மட்டும் படிப்பிச்சார்.

எங்களுக்கு ஒழுங்கில்லையா? செல்லடி தொடங்கினா பைலெல்லாம் சாக்குக்குள்ள போட்டுக் கட்டித் தூக்கிற்று ஓடுறம். பிறப்பு, இறப்பு மாச் சாக்கு. காணி விசயம் நெல்லுச் சாக்கு. முறைப்பாடெல்லாம் பசளைச் சாக்கு, அத மூக்காலயே கண்டுபிடிக்கலாம். கோயிலில போய் இறங்கினாலும் சரி, பள்ளிக்கூடத்தில இறங்கினாலும் சரி, சாக்க அவிட்டா கந்தோர் திறந்தாச்சு. ஐயா சாக்கப் பாத்திட்டுத் தலையில கைய வெச்சார். அதுக்குள்ள இருந்து ஒரு எலிக்குஞ்சும் வந்து அவரப் பாத்தது.

போகக்குள்ள என்னக் கூப்பிட்டு, மிஸ், இனி நீங்கதான் மத்தாக்களுக்குப் படிப்பிக்கோணும் எண்டார். பொய் சொல்லப்படா, எனக்குப் பெரிய சந்தோசம், புழுகம். இத்தின வருசத்தில ஒருத்தரும் என்னப் பாத்து அப்பிடிச் சொன்னதில்ல. அடுத்த நாளே ஆக்களக் கூட்டி வெச்சுப் படிப்பிச்சன். சாதாரணம், அவசரம், இரகசியம். மூண்டு லேபல், அவ்வளவுதான். பியோன் கதிர்காமத்தம்பி தேத்தண்ணிப் போத்திலுக்கு "அவசரம்" ஒட்டினான். டைப் அடிக்கிற சின்னத்தங்கம் தன்ட கதிரைக்கு ஒட்டினாள், வேற ஆரும் இருக்கப்படாதாம். நான் ஏசின ஏச்சில ரெண்டு பேரும் லேபல உரிச்செடுத்தாங்க.

மறுகா பழைய கடுதாசியெல்லாம் டவுணுக்கு அனுப்போணும் எண்டு கட்டளை வந்தது. லீவுக் கடுதாசிதான் கூட. ஆருக்குக் காய்ச்சல், ஆருக்கு வயித்துப்போக்கு, எங்கட பெரிய ஐயாவுக்கு மூலவியாதி எண்டு எல்லாம் அதுக்குள்ள கிடக்கு. சின்னத்தங்கம் கேட்டாள், லீவுக் கடுதாசிக்கு என்ன லேபல் மிஸ் எண்டு. ஒருத்தன்ட வருத்தம் அடுத்தவனுக்குத் தெரியப்படா, அது இரகசியம் எண்டு நான்தான் சொன்னன். நியாயந்தானே? நீயே சொல்லு.

அதோட விட்டிருக்கலாம். லேபல் மூண்டு பாஷையிலயும் இருக்கோணும் எண்டு ஐயா சொல்லிற்றுப் போனார். எங்கட கந்தோரில சிங்களம் ஆருக்குத் தெரியும்? பேக்கரி முகைதீன்பாவாட்டப் போய், வேண்டாத பணிசெல்லாம் வாங்கி, கெஞ்சிக் கூத்தாடி எழுதுவிச்சன். முத்து முத்தா எழுதிக் குடுத்தான். தமிழில மட்டும் எழுதியிருந்தா இந்த ஆமிப் பொடியனுக்கு அது எழுத்தா கீறலா எண்டும் விளங்காது, பஸ் எப்பயோ டவுணுக்குப் போயிருக்கும். என்ட ஒழுங்கு, அவன் ஒரு எழுத்தும் விடாம வாசிச்சிட்டான்.

...என்ன அப்பிடிப் பாக்கிறாய்?

ஓம். என்டதான். மெள்ளக் கதை புள்ள, பின்னால இருக்கிறாக்களுக்குக் கேக்கும்.

போய்ச் சொல்லலாந்தான். லேசாச் சொல்லலாம். இரகசியம் எண்டு எழுதின பெட்டிக்குள்ள மூலவியாதிதான் இரிக்கு எண்டா அவன் நம்புவானா? அதில இருக்கிற தமிழ ஆர் வாசிச்சு அவனுக்கு விளங்கப்படுத்துற? கூட்டிற்றுப் போய் விசாரிச்சிட்டு விடுறம் எண்டுவான். என்ட தம்பியையும் இதே பாலத்தடியிலதான் அப்பிடிச் சொல்லிக் கூட்டிற்றுப் போனானுகள். சைக்கிள் மட்டும் மதிலோட சாத்தினபடி நிண்டது, நான்தான் உருட்டிற்று வந்தன். பயமா இரிக்கு கா. வாய்தான் எனக்குப் பெரிசு.

அல்பேட்ட விட்டிருவானுகள். ஒவ்வொரு நாளும் காணுற முகந்தானே. சிங்களமும் கொஞ்சம் கதைப்பான். ஆம்புளை வேற, தாங்குவான். பெரியவன் வந்தவுடன விட்டிருவான், நீ இருந்து பார்... எனக்கும் அவன்ட பொஞ்சாதியத் தெரியும், நல்ல பொம்புளை, மக்டலின் எண்டு...

என்ன செய்யிறான் அந்த ஆமிக்காரன்? சேட்டக் கழட்டச் சொல்லுறானா? அய்யோ, சேட்ட ஏன்... தம்பியையும் முதல்ல சேட்டத்தான் கழட்டச் சொன்னானுகள்.

எங்க எழும்புறாய்? இரி. தண்ணியா? அல்பேட்டுக்குத் தண்ணி குடுக்கப் போறியா? உனக்கென்ன விசரா, ஒருத்தரும் அசையப்படா எண்டு சொன்னது கேக்கல்லையா? நில்லு புள்ள. சுடப்போறான், துவக்கத் திருப்புறான், நில்லு! உன்ட பெட்டியா அது, உன்ட ஆளா அவன்... தயிரையும் விட்டிட்டுப் போறாளே...

போத்திலோட நிக்கிறாள். திரும்பி வாறாளில்ல.

...தள்ளுங்க. என்ன விடுங்க, தள்ளுங்க அக்கே, நான் போகோணும். மாத்தயா! ஐயா! சுடாதீங்க, அந்தப் புள்ள தண்ணி குடுக்கத்தான் வந்தவ. பெட்டி என்ட. மகே, பெட்டி மகே. நான்தான் ஏத்தினன், லேபலும் நான்தான் ஒட்டினன். கந்தோர் கடுதாசி. இந்தா ஐசி, பேர் அன்னப்பூரணி. கூட்டிற்றுப் போறதெண்டா என்னக் கூட்டிற்றுப் போங்க, வாறன். இந்த மனுசன முதல்ல சேட்டப் போடச் சொல்லுங்க.