ஊசி எகிறும் இடம்

இல்லம்மா, என் பையை மட்டும் கீழ வைக்காதே. உள்ள ஒரு இசைத்தட்டு இருக்கு. புதுசு இல்லை, புதுசு வாங்கத்தானே இந்த வரிசையில நிக்கிறோம். இது இதே பேண்டோட முதல் தட்டு. சும்மா துணைக்கு எடுத்துட்டு வந்தேன்னு வச்சுக்கோயேன்.

நீயும் சிரிக்கிறியா? இவ்வளவு நேரம் எனக்கு முன்னாடி நின்னாரே, நரைச்ச தாடிக்காரர், பேரனுக்கு வாங்க வந்தீங்களா, பேர் எழுதிக் கொண்டுவந்திருக்கீங்களான்னு கேட்டார். ஏழாவது பாட்டுல புது டிரம்மர் கொஞ்சம் அவசரப்படுறார், தட்டுலயாவது நிதானமாக் கேக்குதான்னு பாக்கணும்னு சொன்னேன். அவ்வளவுதான், அதோ முன்னாடி போய்த் தெரிஞ்சவர்கூட நின்னுக்கிட்டார்.

தட்டு வாங்க மட்டும் வரலை. ஒருத்தரைப் பாக்கணும். போன்ல இவங்க ரசிகர் குழு ஒண்ணு இருக்கு, அதுல பழக்கம். வரிசையை விட்டு ஓடிடலாமான்னு ரெண்டு தடவை யோசிச்சுட்டேன். நீ வந்து பின்னாடி நின்னே, அதனால நானும் நின்னுட்டேன்.

உனக்குப் புது ஆல்பம் எப்படி? மூணு மாசமா போன்ல அதானே ஓடுது. ஆமா, கடைசிப் பாட்டு நீளம்தான். எனக்கு அது பிடிச்சிருக்கு. தனியா இருக்கிறவங்களுக்குப் பாட்டு நீளமா இருந்தாத்தான் தேவலை. போன்ல பாட்டு முடிஞ்சதும் வீடு அப்படியே உறைஞ்சு போயிடுது. தட்டுன்னா எழுந்து போகணும், திருப்பிப் போடணும், தூசி துடைக்கணும். ஏதோ ஒரு வேலை.

அட, நீயும் அந்தக் குழுவா? அப்ப என்னை உனக்குத் தெரியுமே. ரெண்டாம்பக்கம்கிற பேர்ல ஒருத்தர் எழுதுவாரே, அது நான்தான். ஆமா, எல்லாரும் அண்ணே அண்ணேன்னுதான் கூப்பிடுறாங்க. நானும் திருத்தலை. கண்ணாடிக் கடையில பின்கட்டு அறையில உக்காந்து முப்பது வருஷமா லென்ஸ் தேய்க்கிறவம்மா நான். அங்க பவர் சீட்டு மட்டும்தான் என்கிட்ட வரும், மனுஷங்க வர மாட்டாங்க. இங்க நாலு பேர் நீங்க என்ன சொல்றீங்க அண்ணேன்னு கேட்டா, நான் அண்ணன் இல்லைன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஐயோ, கதவுப் பாட்டுச் சண்டையை நீயும் படிச்சியா? மானமே போச்சு அன்னைக்கு. மழையில வந்து கதவைத் தட்டுறான், தட்டுறான், அடுத்த வரியில பாத்தா உள்ள உக்காந்து ஈரச் செருப்பைக் கழட்டிக்கிட்டிருக்கான். யார் திறந்தாங்கன்னு சொல்லாம விட்டதுதான் அழகுன்னு பக்கம் பக்கமா எழுதித் தள்ளிட்டேன். நடுவுல கதவு பூட்டவே இல்லைன்னு ஒரு வரி இருக்காமே. ஊரே பாடுது, அண்ணே மட்டும் தூங்கிட்டாரான்னு ஓட்டித் தீத்துட்டாங்க. என்ன பண்றது, எங்க வீட்டுத் தட்டுல, இதோ இந்தப் பையில இருக்கே, இதுல அந்த வரி இல்லை. கீறல் விழுந்திருக்கு, அங்க வந்ததும் ஊசி எகிறிடும். கேட்டதும் அப்படி, நம்பினதும் அப்படி.

எனக்காகப் பேசினது ஒரே ஆள். குடைக்காரன்னு பேர் வச்சிருப்பாரே, அவர். பதினேழு வயசுல இருந்து நானும் அந்த வரி இல்லாமத்தான் கேட்டேன், எங்க வீட்டுத் தட்டும் அங்கதான் எகிறும், எகிறி விழுந்ததும் டிக் டிக் டிக்னு மூணு தடவை கேக்கும்னு எழுதினார். வேலை நடுவுலதான் அதைப் படிச்சேன். அன்னைக்கு மட்டும் ரெண்டு லென்ஸ் வீணாப் போச்சு. கீறல் பாக்கிறதுதாம்மா என் பொழப்பு. ஒரு கீறல் மாதிரி இன்னொண்ணு விழாது.

அவரைத்தான் பாக்க வந்தேன். ஒரு வருஷமா தினமும் பேச்சு. எந்தக் கிட்டார், எந்த மேடைப் பதிவு தேறும், இதுதான். சாப்பிட்டியான்னு ஒரு நாள் டைப் பண்ணிட்டு அழிச்சேன். உங்க தட்டுல கீறல் எப்படி அண்ணே விழுந்துச்சுன்னு போன மாசம் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். வீட்டுல ஒருத்தி சத்தம் தாங்காம ஊசியைப் பிடிச்சு இழுத்துட்டா, பின்னாடி ஒரு நாள் அதைவிட மோசமா ஒரு வார்த்தையும் பேசிட்டா, இப்ப அந்தத் தட்டுதான் அவளுக்குத் துணைன்னு எழுதிட்டேன்.

நாலு நாள் பதிலே இல்லை. அஞ்சாம் நாள் ஒரு வரி. புதுத் தட்டு வர்ற அன்னைக்குக் கடை வாசலுக்கு வாங்க, அந்தப் பழசையும் எடுத்துட்டு வாங்கன்னு. எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கே இல்லை. அதுல அண்ணேங்கிற வார்த்தை இல்லைம்மா. மறந்து விட்டதா, வேணும்னே விட்டதா, அதான் தெரியலை.

அதோ வந்தாச்சு. ஷட்டர் பக்கத்துல நீலச் சட்டை, ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துக்கிட்டு வர்றான் பாரு. முன்னாடி இவ்வளவு ஒல்லி கிடையாது. எப்படி அடையாளம் தெரியுமா? பெத்தவளுக்குத் தெரியாதா.

ஆறு வருஷம் ஆச்சு. நல்ல வேலையை விட்டுட்டு கச்சேரி மேடையில ஒயர் இழுக்கப் போறேன்னு வந்து நின்னான். இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதேன்னேன். சொன்ன பேச்சு எதையும் கேக்காத பிள்ளை, அதை மட்டும் கேட்டுட்டான்.

அழலைம்மா. கடை திறக்குறாங்க, நீ நகரு, என் இடம் போனாப் போகுது. அந்தப் பையைக் குடு. இல்லை, தட்டை வெளியிலயே எடுத்துக் குடு, சிவப்பு அட்டை, தூரத்துல இருந்தே தெரியும். பாத்தியா, அந்தத் தாடிக்காரரைத் திரும்பிக்கூடப் பாக்காம தாண்டிட்டான். பொம்பளைங்க மூஞ்சியை மட்டும்தான் பாத்துக்கிட்டு வர்றான்.