மூன்றாவது தலையணை

ராத்திரி இரண்டே முக்கால். பிள்ளைச்சாவடியிலிருந்து டவுனுக்கு வரும் சாலை. ஒரு நாய்கூட இல்லை. அய்யப்பன் மொபெட்டின் பின்னால் ஒரு தலையணையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனார்... கல்லறைத் தோட்டத்துக்கு.

பத்து நாள் முன்புவரை அவர் லூர்துநாதன் என்ற பெரியவருக்கு இரவுத் துணை. பெரியவருக்கு இதயம் பலவீனம். நுரையீரலில் நீர் கோக்கும். மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் களக்... களக்... என்று கேட்கும். கிட்னியும் கெட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில், நீர் பிரியும் மாத்திரையை டாக்டர் கூட்டவில்லை. மிச்சமிருந்தது தலையணைதான். மூன்றை அடுக்கி, சாய்ந்தபடியே தூங்குவார்.

"ஒன்னு கொறஞ்சாலும் அப்பாவுக்கு மூச்சு முட்டும்ண்ணே." மகள் ஆனந்தமேரி தினமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் மாடிக்குப் போவாள்.

பெரியவர் சிரிப்பார். "நான் உக்காந்துக்கினு தூங்குறேன். நீ படுத்துக்கினு டூட்டி பாக்குற. நல்லா இருக்குடா நம்ம பொழப்பு."

பகலில் பெரிய மார்க்கெட்டில் மூட்டை, இரவில் இது. ஒரு நாள் இரவு அய்யப்பனுக்குத் தூக்கத்தில் கழுத்து நிற்கவில்லை. பெரியவர் அசந்திருந்தார். அவரை எழுப்பிவிடாமல், அவசரமில்லாமல், விரல் விரலாக... அடித் தலையணையை உருவித் தன் தலைக்கு வைத்துக்கொண்டார். ஐந்து நிமிடம்தான் என்று.

விழித்தபோது களக் களக் இல்லை. அந்த அமைதிதான் அவரை எழுப்பியது. தலையணையைப் பழைய இடத்தில் செருகினார். அப்புறம்தான் மகளைக் கூப்பிட்டார்.

சவப்பெட்டிக்குள் மூன்றையும் வைக்கப் பார்த்தாள் ஆனந்தமேரி. மூடி இறங்கவில்லை. இரண்டோடு மூடினார்கள். மிஞ்சியதை அய்யப்பன் கையில் கொடுத்தாள்.

"நீங்கதான அவர நல்லா பாத்துக்கிட்டீங்க. நீங்களே வச்சுக்கங்கண்ணே."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். வாங்கிக்கொண்டார்.

அன்று இரவே வீட்டில் களக்... களக்... பெரியவர் நெஞ்சில் தடவும் தைலத்தின் வாடை. பக்கத்தில் படுத்திருந்த மனைவி கமலவேணிக்கு எதுவும் கேட்கவில்லை. "பேசாம தூங்கு மாமா, காலைல மூட்ட தூக்கணும்," என்றாள். பத்து நாள் அவர் தூங்கவில்லை.

சாலையிலும் முதுகுக்குப் பின்னால் அதே மூச்சு. வண்டி ஏனோ இருவரை ஏற்றியதுபோல் இழுத்தது. அய்யப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லறையில் கயிற்றை அவிழ்த்தார். தலையணை சூடாக இருந்தது. நடுவில் தலை பதிந்த குழி.

"இந்தாங்கய்யா," என்றார். வேறென்ன சொல்வது?

சத்தம் நின்றது.

வீடு திரும்பினார். தலையணையே வேண்டாம் என்று வெறும் தரையில் மல்லாந்தார். பத்து நாள் தூக்கம். கண் சொருகியது. அப்போது... தலைக்கு அடியிலிருந்து எதையோ யாரோ உருவினார்கள். அவசரமில்லாமல். எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல... விரல் விரலாக.